தேசியப் பறவையும் ஒரு துண்டுப் பற்றையும்

இலங்கையின் தேசியப் பறவை எது என்று நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகள் பொது அறிவுப் புத்தகத்தை மனனம் செய்தவர்களாதலால் 'காட்டுக்கோழி' என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரியவர்களில் பலர் சற்று யோசித்துவிட்டு 'மயில்' என்பார்கள். மயில் இந்தியாவின் தேசியப் பறவை, நமக்குரியது காட்டுக்கோழி. ஆனால் சரியான விடையைச் சொன்ன பிள்ளையிடம் "அது எப்படியிருக்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால், ஊர்ச்சேவலைப் போல இருக்கும் என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. அப்பறவை எங்கே உறங்குகிறது, எதைத் தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்பன நம் புத்தகங்களில் இல்லை. பரீட்சையில் ஒரு புள்ளி பெறுவதற்குப் பெயர் போதும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நான் பத்திரிகை மேசையில் பணியாற்றிய காலத்தில், சுதந்திர தினச் சிறப்பிதழ் ஒன்றில் நமது தேசியச் சின்னங்களை வரிசைப்படுத்தி வெளியிட்ட ஒரு நாளிதழ், காட்டுக்கோழி என்ற தலைப்பின் கீழ் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் படத்தை அரைப்பக்க அளவில் அச்சிட்டிருந்தது. அந்நாளிதழின் பெயர் இங்கு அவசியமில்லை. மறுநாள் ஒரு திருத்தமும் வரவில்லை. வாசகர் எவரும் கடிதம் எழுதவுமில்லை. தேசியக் கொடியிலுள்ள சிங்கத்துக்குப் பதிலாகப் புலியை வரைந்திருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா? பறவை மாறிப்போனது மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். காட்டுக்கோழி தரையில் வாழும் பறவை. அதைக் காப்பது என்றால் அது நடக்கும் தரையைக் காப்பதே. பட்டம் சூட்டுவதாலும் முத்திரையில் படம் அச்சிடுவதாலும் அத்தரை காப்பாற்றப்படாது. கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், குறிப்பாகப் பல்லேகலப் பகுதியிலும், அத்தரையை நாம் ஒவ்வொரு ஆண்டும் 'துப்புரவு' செய்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பறவையை அறிமுகம் செய்துவிடுகிறேன். உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்கே. வட இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்திருக்கும் செங்காட்டுக்கோழி ஒன்று. நம் வீட்டுக்கோழிகளின் மூதாதை இதுவே என்று 1868 இல் வெளியான தமது நூலில் டார்வின் வாதிட்டார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அதையே பெரும்பாலும் உறுதிப்படுத்தின. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி இரண்டாவது. சங்கப் பாடல்களில் 'கானக்கோழி' என்று வருவது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இச்சாம்பல் கோழியிடமிருந்தே வந்தது என 2008 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஜாவாவிலும் அதனருகிலுள்ள தீவுகளிலும் வாழும் பச்சைக் காட்டுக்கோழி மூன்றாவது. நான்காவது, உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, இலங்கைக்கே உரிய நமது காட்டுக்கோழி. சிங்களத்தில் 'வளி குகுளா' என்பார்கள்.

இதன் அறிவியற் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1831 இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசன், அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற தம் நாட்டுத் தளபதி லஃபாயெட்டின் பெயரை இதற்குச் சூட்டினார். இலங்கை மண்ணில் ஒருநாளும் கால்வைத்திராத ஒரு தளபதியின் பெயரைத்தான் நமது தேசியப் பறவை அறிவியல் உலகில் சுமந்து திரிகிறது. பெயர் வைத்தவர்களை நொந்து பயனில்லை. நாம் அப்பறவையைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள்.

சேவல் வாலுடன் சேர்த்து 66 முதல் 72 சென்ரிமீற்றர் நீளமானது; நிறை ஏறத்தாழ 800 கிராமிலிருந்து 1,100 கிராமுக்குச் சற்று மேல் வரை. மார்பும் வயிறும் எரியும் செம்மஞ்சள் நிறம். கழுத்திலிருந்து முதுகுவரை பொன்னிற இறகுகள் மயிர்போல் நீண்டு தொங்கும். சிறகும் வாலும் கருநீலமும் ஊதாவும் கலந்த கறுப்பு. வெயில் படும்போது மினுங்கும். முகம் இறகற்றுச் சிவந்திருக்கும். ஐயத்துக்கிடமின்றி இனங்காண ஒரே ஓர் அடையாளம் போதும்: சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருக்கும். வேறெந்தக் காட்டுச்சேவலுக்கும், எந்த ஊர்ச்சேவலுக்கும் அது கிடையாது. இனிமேல் பத்திரிகையில் படம் பார்க்கும்போது கொண்டையைப் பாருங்கள். மஞ்சள் இல்லையேல் அது நம்முடைய பறவை அல்ல.

பேடு வேறொரு உலகத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர்தான். நிறை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். மேலுடல் காய்ந்த சருகின் கபில நிறம், மார்பிலும் வயிற்றிலும் வெள்ளையும் கறுப்புமான கோலங்கள், சிறகில் வரிகள். சருகுக்குள் அது அசையாமல் படுத்துவிட்டால், இரண்டு அடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. சேவலின் நிறம் எதிரிச் சேவலும் பேடும் காண்பதற்காக. பேட்டின் நிறமோ எவருமே காணாதிருப்பதற்காக. இந்த இரண்டாவது நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

சேவலின் கூவலும் வேறு. ஊர்ச்சேவலின் 'கொக்கரக்கோ' நான்கு அசைகளில் இழுத்து முடியும். காட்டுச்சேவல் சுருக்கமாக, கடைசி அசையை உயர்த்தி, கத்தியால் வெட்டியதுபோல நிறுத்திவிடும். கூவுவதற்கு முன் சிறகை உடலில் அடித்து ஒலியெழுப்புவதும் உண்டு. விடியற்காலையில் ஒரு சேவல் கூவ, அடுத்த மேட்டிலிருந்து இன்னொன்று பதில் கூவ, எல்லைகள் இவ்வாறு ஒலியாலேயே வரையப்படுகின்றன.

அதன் நாள் ஒழுங்கைக் கவனித்தால் தரையின் முக்கியத்துவம் புரியும். இரவில் மரக்கிளையில் உறங்கும். விடிந்ததும் இறங்கி, காட்டோரத்திலும் பாதையோரத்திலும் சருகைக் காலால் கிளறி மேயும். விதை, உதிர்ந்த பழம், தளிர், கறையான், பூச்சி, புழு, நத்தை என எல்லாம் தின்னும். குஞ்சுகளுக்கோ பூச்சிதான் உயிர். விதை தின்னும் வயது வரும்வரை சருகுக்கடியிலுள்ள சிற்றுயிர்களே அவற்றை வளர்க்கின்றன. வெயில் ஏறியதும் பற்றைக்குள் ஒதுங்கிவிடும். மாலை சாயும்போது மறுபடியும் வெளியே வரும். ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். ஓடி மறைவதற்கு அருகில் ஒரு பற்றை இருக்க வேண்டும்.

முட்டையும் பெரும்பாலும் தரையிலேயே. மரவேரின் அருகிலோ புதரடியிலோ சிறு குழியில் சருகைப் பரப்பி இடும். ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து அடைகிடப்பதைக் கண்டவர்கள் நாம். காட்டுப்பேடு இடுவதோ சாதாரணமாக 2 முதல் 4 முட்டைகள். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அந்தச் சருகு நிறப் பேடு அசையாமல் அங்கே கிடக்க வேண்டும். அந்த மூன்று வாரங்களில் ஒரு நாய் வந்தாலோ, ஒரு தீ வந்தாலோ, கத்தியும் மண்வெட்டியுமாக ஒரு துப்புரவுக் குழு வந்தாலோ அவ்வளவுதான்.

மலைநாட்டுக் காடுகளில் நெலு என்ற புதர்ச்செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்து மடியும். தமிழகத்து மலைகளின் குறிஞ்சியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் நெலு விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் பெருந்தொகையாக வந்து கூடும். பிரித்தானியர் காலத்து வேட்டைக்காரர்களுக்கு அது கொண்டாட்டக் காலமாக இருந்தது. அவ்வளவு சுடப்பட்ட பிறகும் இப்பறவை பிழைத்துக்கொண்டது. ஏனெனில் காடு எஞ்சியிருந்தது. துப்பாக்கி எண்ணிக்கையைத்தான் குறைக்கும். தரை போனால் திரும்பி வர இடமே இல்லை.

வில்பத்து, யால ஆகிய உலர்காடுகளிலிருந்து சிங்கராஜ மழைக்காடு வரையும், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றர் உயரம் வரையும் காட்டுக்கோழி வாழ்கிறது. உலகளாவிய சிவப்புப் பட்டியலில் இது ஆபத்துக் குறைந்த இனமாகவே இடம்பெற்றுள்ளது. ஆகவே 'அழிகிறது, அழிகிறது' என்று கூக்குரலிட நான் முற்படவில்லை. என் கவலை வேறு. நாட்டில் அழியாமலே ஊரில் இல்லாமற்போவது என்று ஒன்று உண்டு. யாலவில் ஜீப்புக்குப் பணம் கட்டியவர் மட்டும் காணும் பறவையாக அது சுருங்கிவிட்டால், 'தேசிய' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இனிப் பல்லேகலவுக்கு வருவோம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இப்பெயர் தெரியும். 2009 இல் திறக்கப்பட்ட மைதானம் இங்கேதான் இருக்கிறது. அயலிலுள்ள திகனவை 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையால் பலர் அறிந்தார்கள். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் சில கிலோமீற்றர் வந்தால் பல்லேகல. ஒருபுறம் மகாவலிப் பள்ளத்தாக்கு, எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். தும்பறை என்று பழைய நூல்கள் குறிப்பிடும் இப்பள்ளத்தாக்கு கண்டியைவிட மழை குறைந்தது. அதனால் இதன் இயற்கையான முகம் ஓங்கிய மழைக்காடு அன்று; இடையிடையே புல்வெளியும், பற்றையும், சிறுமரக் காடுமே. காட்டுக்கோழிக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கோப்பி வந்தது. பின்னர் கொக்கோ வந்தது. டைட்லர் என்ற துரையின் பல்லேகலத் தோட்டம் அக்காலத் தோட்ட வரலாறுகளில் பெயர் பெற்றது. அந்தத் தோட்டங்களில் உழைப்பதற்காகவே நம்மவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். காடு அப்போதே பெருமளவு போய்விட்டது. ஆயினும் கொக்கோ நிழலில் வளரும் பயிர். அதனடியில் சருகு இருக்கும். ஓடையோரங்களில் பற்றை எஞ்சியிருந்தது. கோழி தங்கிவிட்டது.

1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. நீர்த்தேக்கங்களுக்கு வண்டல் இறங்காமலிருக்க அவற்றைச் சூழ்ந்த நிலம் காக்கப்பட வேண்டும் என்பதால், 1987 இல் விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம் சுமார் 42,000 ஹெக்டேயர் பரப்பில் பிரகடனம் செய்யப்பட்டது. மேலே நக்கிள்ஸ் வனம் 2000 இல் பாதுகாக்கப்பட்ட வனமாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாகவும் ஆனது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பச்சை. ஆனால் இந்தப் பச்சைகளுக்கு இடையில் இருப்பது பல்லேகல, குண்டசாலை, திகன என்ற வளரும் நகரங்கள்: கைத்தொழில் வலயம், மாகாண சபைக் கட்டடங்கள், மைதானம், 2014 இல் போகம்பறையிலிருந்து இடம் மாறிய சிறைச்சாலை, அவற்றைச் சுற்றி வீடமைப்புகள். அபிவிருத்தி வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். கட்டடங்களுக்கிடையில் எஞ்சும் நிலத்தை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

எஞ்சும் நிலத்துக்கு நம் மொழியில் ஒரு பெயர் உண்டு: பற்றை. ஈழத்துத் தமிழில் அது பெரும்பாலும் வசைச்சொல். 'வளவு பற்றை பிடித்துப் போய்விட்டது' என்றால் பராமரிக்க ஆளில்லை என்று பொருள். பாம்பு வரும், நுளம்பு வரும், திருடன் ஒளிவான். ஆகவே ஒரு சிரமதானம் வைத்து வெட்டுகிறோம்; சருகைக் குவித்து எரிக்கிறோம்; வெறுந்தரையில் புல் பதித்து இரண்டு குரோட்டன் நடுகிறோம். டெங்கு நுளம்பு பெருகுவது தேங்கிய நீரில். தேங்காய்ச் சிரட்டையையும் பழைய ரயரையும் அகற்றாமல் பற்றையை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போகும் துப்புரவுப் பணிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிரட்டை அங்கேயே கிடக்கும். பேடு உட்கார்ந்திருந்த சருகு போயிருக்கும்.

மரம் நடுவதும் சில வேளைகளில் உதவுவதில்லை. கண்டியைச் சுற்றிய மலைகளிலும் மகாவலியின் மேல்நீரேந்து பகுதிகளிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்து கரிபியன் பைன் மரங்கள் நடப்பட்டன. தூரத்திலிருந்து பார்க்க அழகான பச்சை. உள்ளே சென்று தரையைப் பாருங்கள்: ஊசியிலைகள் மெத்தைபோல் படிந்திருக்கும், கிளறுவதற்குப் பூச்சி அரிது, ஒதுங்குவதற்குப் புதர் அரிது, வறட்சியில் ஒரு தீக்குச்சி போதும். கண்டி நகரின் உடவத்தகெலே சரணாலயத்திலும், வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய மரவகைகள் கீழ்ப்பகுதிச் செடிகளை நெருக்கி வருகின்றன. நம் அதிகாரிகள் காட்டை மேலிருந்து எண்ணுகிறார்கள். மரத்தின் உச்சி எவ்வளவு நிலத்தை மூடுகிறது என்று பார்க்கிறார்கள். காட்டுக்கோழியோ காட்டைக் கீழிருந்து எண்ணும் பறவை.

தீயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வறண்ட மாதங்களில் தும்பறையின் மானாப்புல் சரிவுகளும் கினிப்புல் வெளிகளும் எரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மனிதர் வைத்த தீ: மேய்ச்சலுக்குப் புதுத்துளிர் வேண்டும் என்று ஒருவர், வேட்டைக்காக ஒருவர், சும்மா பொழுதுபோக்காக ஒருவர். மறுநாள் செய்தியில் 'இத்தனை ஏக்கர் காடு நாசம்' என்று வரும். அந்த ஏக்கர்களில் எத்தனை பேடுகள் அடைகிடந்தன என்று எந்தச் செய்தியாளரும் கேட்பதில்லை; கேட்டாலும் விடை சொல்ல ஆளில்லை.

அடுத்தது கண்ணி. காட்டுப்பன்றிக்கென்று தோட்டங்களின் ஓரத்திலும் மரக்கறிப் பாத்திகளின் ஓரத்திலும் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். சில ஊர்களில் கட்டுத்துவக்கும் கட்டுகிறார்கள். சுருக்குக்குப் பன்றியையும் வேறொன்றையும் பிரித்தறியத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கி, சிகிச்சை பலனின்றி இறந்தபோது நாடு முழுவதும் பரபரப்பாயிற்று. காட்டுக்கோழி சிக்கினால் அது செய்தியல்ல; அன்றிரவுக் கறி. அதைக் கொல்வது சட்டப்படி குற்றம். ஆனால் 1937 இல் பிறந்து பலமுறை திருத்தப்பட்ட வனசீவராசிகள், தாவரவியல் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

நாலாவது ஆபத்து, நம் வீட்டு முற்றத்திலிருந்தே போவது. காட்டோரக் குடியிருப்புகளில் திறந்துவிடப்பட்ட ஊர்ப்பேடுகளைத் தேடிக் காட்டுச்சேவல் வருவது பழைய கதை. கலப்பு ஒருபுறமிருக்க, ராணிக்கெட் போன்ற கோழி நோய்கள் எல்லைக்கோடு பார்த்துப் பரவுவதில்லை. செத்த கோழியைப் பற்றைக்குள் வீசிவிட்டு வரும் பழக்கம் நமக்கு உண்டு. குட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டோரத்தில் விட்டுவிட்டு வரும் பழக்கமும் உண்டு. அந்தக் குட்டிகள் வளர்ந்து கூட்டமாகத் திரியும் நாய்களாகின்றன. தரையில் அடைகாக்கும் பறவைக்கு இதைவிடப் பெரிய பகை வேண்டியதில்லை.

இவற்றுக்கு நடுவே, 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடங்களில் நாடு முழுவதும் விலங்குகளைக் கணக்கெடுத்தோம். பயிரை அழிக்கும் குரங்கு, மரஅணில், மயில் ஆகியவற்றை அவரவர் வளவில் நின்று எண்ணச் சொன்னார்கள். மயில்கள் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்தது. அம்முறை பற்றிச் சூழலியலாளர்கள் கேள்வி எழுப்பியது தனிக் கதை. எனக்கு உறைத்தது வேறொன்று. தொல்லை தருவதை எண்ணுவதற்கு ஒரு நாட்டால் ஐந்து நிமிடம் ஒதுக்க முடிகிறது. தொல்லை தராத தேசியப் பறவைக்கு ஒரு நிமிடமும் இல்லை. முன்பு உலர்வலயத்துக்கே உரியதாக இருந்த மயில், இன்று ஈரவலய ஊர்களிலும் அகவுகிறது. திறந்த வெளியில் நடமாடத் தயங்காத பறவை அது. காடும் பற்றையும் திறந்துவிட்ட இடத்தில் மயில் வந்து நிற்பதை நாம் இயற்கையின் செழிப்பு என்று எண்ணிப் படமெடுக்கிறோம்.

இனி, எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நானே சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, பற்றை என்ற சொல் நம்மவர்க்கு வெறும் செடிகொடி அன்று. போர் முடிந்து வன்னிக்குத் திரும்பியவர்கள் தங்கள் வீட்டைத் தேடியபோது கண்டது பற்றையைத்தான். கூரையில்லாத சுவரும் தூர்ந்த கிணறும் அதற்குள் கிடந்தன. அதை வெட்டித் தள்ளியதுதான் அவர்கள் மீண்டும் ஊரவர் ஆனதன் முதல் அடையாளம். செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் அந்தக் கத்தியின் ஓசையை நான் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் போய் 'பற்றையை விட்டுவையுங்கள், கோழிக்கு வேண்டும்' என்று சொல்லும் துணிவு எனக்கில்லை, சொல்லவும் கூடாது. மனிதன் இல்லாமற்போனதால் வளர்ந்த பற்றையும், மனிதனும் இருந்துகொண்டே விட்டுவைக்கும் பற்றையும் ஒன்றல்ல. நான் கேட்பது இரண்டாவதை.

இரண்டாவது, தோட்டத் தொழிலாளர்கள். இரு நூற்றாண்டுகளாக உழைத்தும் ஒரு துண்டுக் காணிக்கு உரிமையின்றி லயங்களில் வாழ்பவர்களிடம், சொந்தமில்லாத நிலத்தின் பறவையைக் காக்கச் சொல்வது எவ்வகையில் நியாயம்? நக்கிள்ஸ் மலையில் காட்டுக்கடியில் ஏலம் பயிரிட்ட சிங்களக் கிராமத்தவர்களின் வாழ்வாதாரமும் வனப் பாதுகாப்பின் பெயரால் சுருங்கியது. காடு காக்கப்பட வேண்டியதுதான்; ஆனால் அதற்கான விலையைக் கட்டியவர்கள் கொழும்பில் இருந்தவர்கள் அல்லர். பாதுகாப்பின் செலவு எப்போதும் ஏழையின் தலையில் விழுமானால், அந்த ஏழை பறவையின் பகைவனாவதில் வியப்பில்லை.

ஆகவேதான் என் யோசனைகள் ஏழையிடமிருந்து தொடங்கவில்லை. அதிக நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து தொடங்குகின்றன. பல்லேகலவில் பெரிய காணிகள் யாரிடம் உள்ளன? அரச நிறுவனங்களிடமும் கைத்தொழில் வலயத்திடமும். அவர்களின் மதிலுக்குள்ளும் ஓடைகளின் கரையிலும் சில மீற்றர் அகலமுள்ள ஒரு பற்றைப் பட்டியை வெட்டாமல் விடச் செலவு ஏதுமில்லை. வெட்டும் கூலி மிச்சம். அந்தப் பட்டிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து, கீழே நீர்த்தேக்கக் கரையையும் மேலே மலைக்காட்டையும் இணைக்குமானால், காட்டுக்கோழிக்கு ஒரு பாதை கிடைக்கும். மண் கரைந்து விக்டோரியாவுக்குள் இறங்குவதும் குறையும். நீர்த்தேக்கத்தின் ஆயுளுக்காகத்தானே சரணாலயமே பிரகடனம் செய்யப்பட்டது?

பைன் காடுகளை ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. இடையிடையே வெளிச்சம் விட்டு உள்நாட்டு மரங்களை நடலாம். சிங்கராஜவின் எல்லையில் இவ்வாறான முயற்சி பல்லாண்டுகளுக்கு முன்பே வெற்றிகரமாக நடந்திருக்கிறது. தீக்காலத்துக்கு முன்பே தீத்தடுப்புப் பட்டி வெட்டும் வேலையை அயலூர் இளைஞர்களுக்குக் கூலிக்குக் கொடுக்கலாம். பிரதேச சபைகள் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காகச் செய்தால், பறவைக்கு மட்டுமன்றி நீர்வெறுப்பு நோயால் அஞ்சும் நமக்கும் நல்லது. துப்புரவுப் பணிக்குச் செல்லும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கத்தியைக் கொடுப்பதற்கு முன், சருகுக்கடியில் என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். ஊரில் உங்களுக்கென்று காணி வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கொருமுறை பணம் அனுப்பி, 'வளவைத் துப்புரவாக்கிப் படம் அனுப்பு' என்று உறவினரிடம் சொல்கிறீர்கள். வெறுந்தரையின் படம் வருகிறது, மனம் நிறைகிறது. அடுத்த முறை, கிணற்றையும் வீட்டையும் பாதையையும் துப்புரவாக்கிவிட்டுப் பின்வேலியோரம் ஒரு துண்டை மட்டும் அப்படியே விடச் சொல்லுங்கள். காணி உங்கள் கையைவிட்டுப் போய்விடாது. எல்லைக்கல்லை மட்டும் தெரியும்படி வைத்திருங்கள். நீங்கள் குடியிருக்கும் ஐரோப்பிய நாடுகளிலேயே வயலோர வேலிப்புதர்களை வெட்டியழித்துவிட்டு, கவுதாரி வகைப் பறவைகள் குறைந்துபோன பின், அவற்றை மீண்டும் வளர்க்க உழவர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. நமக்கு அந்தச் செலவு இன்னும் வரவில்லை.

காட்டுக்கோழி கேட்பது மிகக் குறைவு. வேலி போட்ட பூங்காவோ, தீனியோ, மேடையிட்ட விழாவோ அதற்கு வேண்டியதில்லை. விடியற்காலையில் கிளறக் கொஞ்சம் சருகு, வெயிலில் ஒதுங்க ஒரு பற்றை, மூன்று வாரங்கள் எவரும் மிதிக்காத ஒரு வேரடி. பல்லேகலவில் ஓடைக்கு அப்பாலுள்ள சரிவில் இன்னும் சில காலைகளில் அந்தக் கூவல் கேட்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது கேட்குமா என்பதை வனசீவராசிகள் திணைக்களம் மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. கத்தியைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் தீர்மானிப்பார்கள்.